அத்தியாயம் 6: மூச்சோடு சேரும் இயேசு செபம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பயிற்சிதான். ஒரு சிறு செபத்தை எடுத்து, மூச்சு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதோடு சேர்த்துச் சொல்லப் பழகுவது. கிழக்குத் திருச்சபையின் துறவியர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் இதற்கு இயேசு செபம் என்று பெயர். செப வாக்கியம் இது:

“ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்.”

சீர்திருத்த சபைகளில் வளர்ந்தவர்களுக்கு “கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்” என்பது இயல்பாக வரலாம். சிறுவயதிலிருந்து உங்கள் வாயில் எது பழகியதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நற்செய்தியில் பார்த்திமேயு என்ற பார்வையற்றவர் சாலையோரத்தில் எழுப்பிய கூக்குரலும், கோவிலில் தலை நிமிராமல் நின்ற வரிதண்டுபவரின் மன்றாட்டும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன.

எதையும் தொடங்குமுன் ஒரு விதியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். செபம் முன்னால் போகும், மூச்சு பின்னால் வரும். மூச்சை நீட்டுவது, அடக்குவது, எண்ணுவது எதுவும் இங்கே இல்லை. இந்தப் பயிற்சியில் சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்த விதியைத் தலைகீழாக்கியவர்கள்தான்.

தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

7ஆம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கஸ், ‘ஏணி’ என்ற தம் நூலில், இயேசுவின் நினைவு மூச்சோடு ஒன்றாக வேண்டும் என்று எழுதினார். எப்படி என்று அவர் விளக்கவில்லை. கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையில் வாழ்ந்த நிக்கெபோரோஸ் என்ற துறவி 13ஆம் நூற்றாண்டில் முறையை எழுதிவைத்தார். அமைதியாக உட்கார், மனத்தை ஒன்றுசேர், மூச்சு உள்ளே போகும் வழியே அதையும் இதயத்துக்குள் போகவிடு. இது கைகூடவில்லை என்றால் கலங்காதே, செப வாக்கியத்தை மட்டும் உள்ளே திரும்பத் திரும்பச் சொல், அதுவே உன்னை அங்கே கொண்டுசேர்க்கும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். நல்ல வழிகாட்டியைத் தேடு என்பதையும் அவர் விடாமல் சொன்னார்.

பிறகு ஒரு பெரிய வழக்கு எழுந்தது. கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர், உடலை வைத்துச் செபிப்பதாவது என்று ஆதோஸ் துறவிகளை எள்ளி, தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள் என்று பட்டம் கட்டினார். துறவிகளின் பக்கம் நின்று பதில் எழுதியவர் கிரகோரி பாலமாஸ் (1296–1359). உடலும் கடவுள் படைத்தது, அதுவும் செபத்தில் பங்குபெறும் என்பது அவர் வாதம். மூச்சைக் கவனிப்பது தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கான உதவி என்றும், மனம் ஆழ்ந்து ஒன்றும்போது மூச்சு தானாகவே அடங்குகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கொன்ஸ்தாந்திநோபிளில் 1341, 1347, 1351 ஆகிய ஆண்டுகளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தன.

மனம் ஒன்றினால் மூச்சு அடங்கும் என்ற அந்த வரிசைதான் இந்த அத்தியாயத்துக்கும் அடிப்படை. மூச்சை அடக்கி மனத்தை ஒன்றவைக்கும் வழியை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தகைய நூல்களையெல்லாம் தொகுத்த ‘பிலோகாலியா’ 1782இல் வெனிசில் அச்சானது. ரஷ்ய மொழியில் அதைப் பெயர்த்த ஆயர் தியோபன், மூச்சுமுறை பற்றிய பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். வழிகாட்ட ஆள் இல்லாதவர்கள் படித்துவிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் கீழே பாதுகாப்புப் பகுதியை முதலில் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

தொடங்குமுன்: யார் எப்படிச் செய்யலாம்

இயல்பான மூச்சோடு செபம் சொல்வதில் ஆபத்து ஏதுமில்லை. நாம் எல்லோரும் நாள் முழுவதும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மூச்சை வலிந்து மாற்றும்போதுதான் தொல்லை வரும். ஆனாலும் கீழே உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

- ஆஸ்துமா, இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள்: மூச்சை ஒரு நொடிகூட நிறுத்திவைக்க வேண்டாம். கீழே வரும் முதல் இரண்டு கட்டங்களோடு (வாயால் சொல்வது, மனத்தால் சொல்வது) நின்றாலே போதும். மூச்சோடு சொல்லும் மூன்றாம் கட்டத்துக்குப் போக விரும்பினால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.
- திடீர்ப் பதற்றம் வருபவர்கள்: மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும். நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் கவனத்தை மூச்சில் வைக்காமல் விரலில் உருளும் மணியில் வையுங்கள். செபத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.
- மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அண்மையில் பெரும் இழப்பையோ அதிர்ச்சியையோ கண்டவர்கள்: தனியாகத் தொடங்க வேண்டாம். மருத்துவருக்கும் ஆன்மிக வழிகாட்டிக்கும் தெரிந்திருக்கட்டும். செபம் செய்கிறேன் என்று மாத்திரையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது.
- நோன்பு நாட்களில்: தவக்காலத்தில் கடும் நோன்பு இருக்கும்போது மூன்றாம் கட்டத்தைப் புதிதாகத் தொடங்காதீர்கள். வெறும் வயிற்றில் வரும் தலைசுற்றலை ஆன்மிக அனுபவமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

வண்டி ஓட்டும்போதும் அடுப்பு முன்னால் நிற்கும்போதும் மூச்சில் கவனம் வைக்கும் பயிற்சி கூடாது. அப்போது வாயால் சொல்லலாம், அதோடு சரி.

தேவையானவை

ஒரு இருக்கை வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் சீனாய் கிரகோரியார் ஒரு சாண் உயரமுள்ள தாழ்ந்த இருக்கையைச் சொன்னார். அதில் முதுகை வளைத்து, தாடை மார்பில் படும்படி குனிந்து உட்கார்வது அந்தக் காலத்து முறை. வலி தாங்கிப் பழகிய துறவிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். உங்களுக்கு வேண்டாம். கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் காலம் இது. முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் பதிய உட்காரும்படியான சாதாரண மர நாற்காலி போதும். தரையில் சம்மணமிட்டுப் பழகியவர்கள் அப்படியே உட்காரலாம், மணை ஒன்று போட்டுக்கொண்டால் இடுப்புக்கு நல்லது.

அடுத்து, ஒரு செபக்கயிறு அல்லது செபமாலை. கிழக்குத் திருச்சபையின் செபக்கயிறு கருப்புக் கம்பளி நூலால் ஆனது. சின்னச் சின்னச் சிலுவைகளாக நூலை ஒன்றன்மேல் ஒன்று பின்னி இறுக்கிய முடிச்சுகள் அதில் இருக்கும். 33, 50, 100 முடிச்சுகள் கொண்ட கயிறுகள் வழக்கம். அதை இடது கையில் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒவ்வொரு முடிச்சாக நகர்த்துவார்கள். வலது கை சிலுவை அடையாளம் போட ஓய்வாக இருக்கும். கம்பளி முடிச்சில் சத்தம் வராது என்பதால் வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போதும் பயன்படுத்தலாம். கயிறு கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள செபமாலையே போதும். பத்து மணிகள் கொண்ட ஐந்து தொகுதிகளையும் ஒரு சுற்று வந்தால் 50 செபம் ஆகிவிடும்.

நேரம்: அதிகாலையோ இரவு உறங்குமுன்னோ, ஏதாவது ஒன்று. முதலில் 10 நிமிடம், பிறகு 20 நிமிடம். வீட்டுச் சூழலில் இருப்பவர்களுக்கு ஒரே அமர்வில் அதற்கு மேல் வேண்டியதில்லை.

முதல் கட்டம்: வாயால்

மூச்சைப் பற்றிய நினைப்பே இந்தக் கட்டத்தில் வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் இங்கேயே இருங்கள்.

1. உட்காருங்கள். சிலுவை அடையாளம் போடும் வழக்கமிருந்தால் போடுங்கள். யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று அரை நிமிடம் எண்ணிப் பாருங்கள்.
2. செபத்தை உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும் அளவு மெல்லிய குரலில் சொல்லுங்கள்.
3. ஒரு வாக்கியம் முடிந்ததும் ஒரு முடிச்சை நகர்த்துங்கள். பிறகு சற்று நிறுத்தி அடுத்தது.
4. அவசரப்படாமல் சொன்னால் ஒரு செபத்துக்கு ஏறத்தாழ 6 நொடி ஆகும். 100 செபம் 10 நிமிடம். அதைவிட மிக விரைவாக முடிந்தால் சொற்களை விழுங்குகிறீர்கள் என்று பொருள்.
5. மனம் ஓடினால், ஓடியதைத் தெரிந்துகொண்ட இடத்திலேயே வாக்கியத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். ஓடியதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டும் ஒரு கவனச்சிதறல்தான்.
6. கடைசியில் ஒரு “இயேசு கற்பித்த செபம்” சொல்லி எழுந்திருங்கள்.

*குறிப்பு:* இரண்டு வாரம் ஆனதும் வாக்கியத்தை மாற்றினால் நன்றாக வருமோ என்ற எண்ணம் எழும். மாற்றாதீர்கள். நாற்றை அடிக்கடி பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது என்று இதைத்தான் சீனாய் கிரகோரியார் எச்சரித்தார்.

இரண்டாம் கட்டம்: மனத்தால்

உதடு தானாக அசைவதை நிறுத்தி உள்ளே சொல்லத் தோன்றும் நாள் வரும். வரட்டும். அது வருமுன் நீங்களாக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. உள்ளே சொல்லும்போதும் முதல் கட்டத்தின் வேகமே இருக்கட்டும். தூக்கம் வந்தால் மறுபடி வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது எழுந்து நின்று சொல்லுங்கள். களைத்தபோது எழுந்து திருப்பாடல் படிப்பது பழைய துறவிகளின் வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டத்தோடு ஆயுள் முழுவதும் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மிக மதிக்கிறேன். மூன்றாம் கட்டம் உயர்ந்த படி என்று நினைத்து ஏற வேண்டாம். மனம் மிகவும் சிதறுகிறவர்களுக்கு அது ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டம்: மூச்சோடு

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். அதாவது ஒரு மூச்சுக்கு 3 முதல் 5 நொடி. நம் முழு வாக்கியம் நிதானமாகச் சொன்னால் 6 நொடி பிடிக்கும். ஒரே மூச்சுக்குள் அதை அடைக்கப் பார்த்தால் ஒன்று சொற்கள் நசுங்கும், இல்லை மூச்சு நீளும். இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, நமக்குத் தெரியாமலே. அதனால் வாக்கியத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

*இரு மூச்சுப் பங்கீடு (முழு வாக்கியம், மூச்சுக்கு ஏற்பச் சொற்களைச் சற்றுச் சுருக்கி):*
- உள்மூச்சு: ஆண்டவரே
- வெளிமூச்சு: இயேசு கிறிஸ்துவே
- உள்மூச்சு: இறைமகனே
- வெளிமூச்சு: பாவி என்மேல் இரங்கும்

*ஒரு மூச்சுப் பங்கீடு (சுருக்கம்):*
- உள்மூச்சு: இயேசுவே
- வெளிமூச்சு: என்மேல் இரங்கும்

இயல்பாகவே வெளிமூச்சு உள்மூச்சைவிடச் சற்று நீளமானது. ஆகவே நீளமான சொற்கள் வெளிமூச்சில் வருமாறு அமைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சுருக்க வடிவமே நல்லது. 19ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் வெளியான ‘ஒரு பயணியின் வழி’ என்ற நூலிலும், இயேசுவின் பெயர் உள்மூச்சிலும் இரக்கம் கேட்கும் பகுதி வெளிமூச்சிலும்தான் வருகிறது.

இனி படிகள்:

1. உட்கார்ந்து, முதல் கட்டத்தில் செய்ததுபோல 10 செபம் மெல்லிய குரலில் சொல்லுங்கள். நேராக மூச்சுக்குப் போகாதீர்கள்.
2. வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சு தன்பாட்டில் போய்வருவதை ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் வாய் வழியே விடலாம், அல்லது அன்று முதல் கட்டமே செய்யலாம்.
3. மூச்சு உள்ளே வருவது தெரிந்த பிறகு “இயேசுவே” என்று உள்ளே சொல்லுங்கள். *தெரிந்த பிறகு* என்பதைக் கவனியுங்கள். சொல்லைச் சொல்லி மூச்சை இழுக்கக் கூடாது. மூச்சு வருகிறது, சொல் அதில் ஏறிக்கொள்கிறது.
4. மூச்சு வெளியே போகத் தொடங்கியதும் “என்மேல் இரங்கும்”. சொல் முடிந்த பிறகும் மூச்சு போய்க்கொண்டிருந்தால் சும்மா இருங்கள். மீதியை நிரப்ப இன்னொரு சொல்லைத் தேடாதீர்கள்.
5. வெளிமூச்சு முடிந்து அடுத்தது வருமுன் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அது இயல்பு. அதை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.
6. ஒரு சுற்றுக்கு ஒரு முடிச்சு நகர்த்துங்கள்.
7. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சை மறந்துவிட்டு, சொல்லின் பொருளில் நில்லுங்கள். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதில் மனம் இருந்தால் மூச்சு ஒழுங்கு குலைந்தாலும் பரவாயில்லை.
8. முடிக்கும்போது திடீரென எழுந்திருக்காதீர்கள். மூச்சிலிருந்து செபத்தை விடுவித்து, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லி, கைகால்களை அசைத்துவிட்டு எழுங்கள்.

முதல் வாரம் 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கவனத்தை எங்கே வைப்பது?

பழைய நூல்கள் இதயம் என்கின்றன. நெஞ்சின் மேற்பகுதியில் சற்றே இடப்பக்கம் கவனம் இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை. அதை மெல்லிய நினைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பைத் தேடிப் பிடித்து அதோடு சொற்களைப் பொருத்துவது மேற்சொன்ன ரஷ்ய நூலில் வருகிறது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். துடிப்பையே கவனித்துக்கொண்டிருந்தால் அச்சம் பிறக்கும், அச்சத்தில் துடிப்பு கூடும். நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுப் பக்கம் கவனத்தை இறக்கக் கூடாது என்று மூத்த துறவிகள் எச்சரித்திருக்கிறார்கள். நெஞ்சில் வைத்தால் இறுக்கமாக உணர்கிறவர்கள் உதட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மனத்தில் உருவம் எதுவும் வரைய வேண்டாம். திருமுகமோ ஒளியோ சிலுவைக் காட்சியோ, எதையும் நீங்களாகக் கற்பனை செய்யாமல் சொல்லோடு மட்டும் இருப்பது இந்த மரபின் தனிக்குணம். செபமாலையின் மறையுண்மைகளைக் காட்சியாகத் தியானித்துப் பழகிய கத்தோலிக்கர்களுக்கு இது முதலில் வறட்சியாகத் தோன்றும். இரண்டும் வெவ்வேறு வழிகள். ஒரே அமர்வில் கலக்காமல், செபமாலையை அதற்குரிய நேரத்தில் சொல்லுங்கள்.

வழக்கமாக நேரும் தவறுகள்

*ஆழ மூச்சு இழுப்பது.* தியானம் என்றாலே நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்து ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு, தலை லேசாவது, கண் மங்குவது எல்லாம் அதனால் வரும். அது தூய ஆவியின் வருகை அல்ல, உடலின் வேதியியல். இது மிக முக்கியம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கூட்டச் செபங்களில் இப்படிப்பட்ட மரமரப்பை அருளாக எண்ணிக்கொண்டு, அது மறுபடி வர வேண்டும் என்று இன்னும் வேகமாக மூச்சு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*எண்ணிக்கைப் பேராசை.* ‘ஒரு பயணியின் வழி’ நூலில் வரும் ரஷ்யப் பயணிக்கு அவருடைய குரு முதலில் நாளுக்கு 3,000, பிறகு 6,000, பிறகு 12,000 செபம் என்று கட்டளையிடுகிறார். படிக்கிறவர்கள் அந்த எண்களை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் பக்கத்தில் குரு இருந்தார் என்பதையும், அவருக்கு வீட்டுப் பொறுப்பு ஏதும் இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு 100 போதும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் எண்ணிக்கையை முடிக்க உட்கார்ந்திருப்பது செபமாகாது.

*அமைதியைக் குறிவைப்பது.* இந்தச் செபம் மன்னிப்பும் இரக்கமும் கேட்பது. மனம் இலகுவாவது உடன் வரலாம், வராமலும் போகலாம். இன்று அமைதி வரவில்லையே என்று அளந்துகொண்டே இருந்தால் செபம் நம்மைப் பற்றியதாகிவிடும்.

*காட்சிகளை நம்புவது.* ஒளி தெரிந்தது, நறுமணம் வந்தது, குரல் கேட்டது என்று சிலருக்கு நேரும். இந்த மரபில் இதற்கு மிகத் தெளிவான அறிவுரை உண்டு: ஏற்கவும் வேண்டாம், ஆராயவும் வேண்டாம், செபத்துக்குத் திரும்பு. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரஷ்ய ஆயர் இக்னாத்தியுஸ் பிரியஞ்சானினோவ், ஆன்மிக மயக்கம் எப்படி மனிதரைப் பிடிக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு ஏதோ சிறப்பாகக் கிடைத்துவிட்டது என்ற எண்ணம்தான் அதன் வாசல். காட்சி கண்டதை வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள். வழிகாட்டி ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

*திருவழிபாட்டை விடுவது.* தனியாகச் செபிப்பது இனிக்கத் தொடங்கியதும் ஞாயிறு வழிபாடு சலிக்கும். ஆதோஸ் மலைத் துறவிகள் ஆலயத்தில் நெடுநேரம் நிற்கிறவர்கள். அறையில் சொல்லும் செபம் அங்கிருந்துதான் உயிர் பெறுகிறது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

தலைசுற்றல், விரல் மரமரப்பு, நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், காரணமில்லாத திகில், நான் இங்கே இல்லை என்பது போன்ற உணர்வு. இவற்றில் ஒன்று வந்தாலும்:

1. செபத்தை மூச்சிலிருந்து பிரித்துவிடுங்கள். கண்ணைத் திறங்கள்.
2. பாதம் தரையில் அழுந்துவதை உணருங்கள். எதிரில் தெரியும் பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
3. வழக்கம்போல் மூச்சுவிட்டபடி சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். தலைசுற்றல் தணிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக நடங்கள்.
4. அன்று திரும்ப உட்கார வேண்டாம். அடுத்த ஒரு வாரம் முதல் கட்டம் மட்டும்.
5. நெஞ்சுவலி இருந்தால், கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், உடனே மருத்துவமனை. இது செபத்தால் வந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரமல்ல.

தூக்கம் கெட்டாலும், நிறுத்த நினைத்தும் செபம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்து தொல்லை தந்தாலும் இதே விதிதான். உடல் உழைப்பும் மனிதர்களோடு பேச்சும் அப்போது நல்ல மருந்து.

மேற்கிலிருந்து ஒரு மாற்று வழி

ஒரே வாக்கியத்தில் நிற்க முடியாதவர்களுக்கு லொயோலா இஞ்ஞாசியார் தந்த முறை உதவும். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், செபத்தின் மூன்றாவது முறையாக அது இருக்கிறது. தெரிந்த செபம் ஒன்றை எடுத்து, ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று போவது.

1. “இயேசு கற்பித்த செபம்” அல்லது “அருள் நிறைந்த மரியே” ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஒரு மூச்சுக்கு ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள்.
3. அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லிலோ, அது யாரைக் குறிக்கிறதோ அவரிலோ, அவர் முன் நம் சிறுமையிலோ மனம் நிற்கட்டும்.
4. அந்த ஒரு செபம் முடிந்ததும், மற்ற செபங்களை வழக்கமான வேகத்தில் சொல்லி முடியுங்கள்.

குடும்பமாகச் செபிக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் ஒரு முறை போதும். முழுச் செபமாலையையும் இப்படிச் சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

“இது பிராணாயாமமா? சபை ஒப்புக்கொள்ளுமா?”

நம் ஊரில் இதைச் செய்யத் தொடங்கினால் வீட்டில் முதலில் வரும் கேள்வி இது. பிராணாயாமத்தில் மூச்சுக்கு அளவு உண்டு. நாசியை மாற்றுவதும், உள்ளே நிறுத்துவதும் உண்டு. இங்கே மூச்சுக்கு எந்த ஒழுங்கும் விதிக்கப்படுவதில்லை. ஒருவரைப் பெயர்சொல்லி அழைப்பதே வேலை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இயேசு செபத்தை வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது. 1989இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய மடலும், இந்தச் செபம் இயல்பான மூச்சோடு இணைவதை ஏற்றுக்கொண்டு, உடல் சார்ந்த முறையே முதன்மையாகிவிடும் ஆபத்தையும் எச்சரிக்கிறது. குளித்தலை அருகே காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தில் 1968 முதல் வாழ்ந்து 1993இல் மறைந்த பீட் கிரிபித்ஸ் என்ற கிறிஸ்தவத் துறவி, இந்திய மரபுகளை ஆழமாகக் கற்றவர். தம் அன்றாடச் செபமாக அவர் வைத்திருந்தது இயேசு செபம்தான்.

நாள் முழுவதும்

அமர்வுக்கு வெளியே இந்தச் செபத்தை எங்கும் சொல்லலாம். பேருந்து நிறுத்தத்தில், மருத்துவமனை வரிசையில், துணி மடிக்கும்போது. அப்போது முழு வாக்கியமும் வாயாலோ மனத்தாலோ போகட்டும், மூச்சோடு பொருத்த முயல வேண்டாம். கோபம் ஏறும் நேரத்தில் ஒருமுறை “இயேசுவே, என்மேல் இரங்கும்” என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பதைப் பழக்கமாக்குங்கள். நோயாளியின் படுக்கையருகே இருக்கும்போது “என்மேல்” என்ற இடத்தில் அவர் பெயரை வைத்துச் சொல்லலாம். இது பழைய வழக்கம்தான்.

வழிகாட்டியிடம் என்ன சொல்வது

பங்குத்தந்தை, போதகர், துறவற சபையில் உள்ள அருட்சகோதரி, செபத்தில் நெடுநாள் ஊறிய பெரியவர், இவர்களில் ஒருவரை மூன்றாம் கட்டத்துக்கு முன்பே தேடிக்கொள்ளுங்கள். இயேசு செபத்தை அறிந்தவராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், உங்களை அறிந்தவராகவும் உங்களைப் புகழாதவராகவும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்து இவற்றைச் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் உட்கார்கிறீர்கள், எந்த வடிவத்தைச் சொல்கிறீர்கள், உடம்பில் என்ன நேர்கிறது, தூக்கமும் பசியும் எப்படி, வீட்டிலும் வேலையிடத்திலும் யாரோடு மனத்தாங்கல் இருக்கிறது. கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். பேசாமலிருக்கும் அண்ணனிடமோ தம்பியிடமோ ஒருமுறை பேசிவிட்டு வா, பிறகு மூச்சைப் பற்றிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னால், அந்த மாதம் அதைச் செய்யுங்கள்.